ஸாயிமா: கம்பம் பள்ளத்தாக்கின் மலைமாடுகள்

ஃபிக்ஹு நூல்களின் ஜகாத் பாடத்தில் பொன், வெள்ளி, வணிகச் சரக்கு ஆகியவற்றோடு கால்நடைகளுக்கும் தனி இயல் ஒன்று உண்டு. மாட்டின் நிஸாப் முப்பது. முப்பது மாடுகளுக்கு ஓராண்டு நிறைந்த கன்று ஒன்றும், நாற்பது மாடுகளுக்கு ஈராண்டு நிறைந்தது ஒன்றும் ஜகாத்தாகக் கொடுக்கப்பட வேண்டும். முஆத் (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் வகுத்துக் கொடுத்த அளவு இது. எனினும் எல்லா மாடுகளும் இக்கணக்கில் வாரா. ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி ஆகிய மூன்று மத்ஹபுகளின்படி அந்த மாடு ‘ஸாயிமா’வாக இருத்தல் வேண்டும். உரிமையாளர் விலை கொடுத்துத் தீனி வாங்கிப் போடாமல், பொது மேய்ச்சல் நிலத்தில் தானே மேய்ந்து வயிறு நிரப்பும் கால்நடைக்கே அப்பெயர். ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறு மேய்ந்தால் போதும் என்பர் ஹனஃபிகள். ஏரில் பூட்டிய மாட்டுக்கும் கமலை இழுக்கும் மாட்டுக்கும் ஜகாத் இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மட்டுமே இவ்வேறுபாட்டை ஏற்கவில்லை.

இப்பாடம் நம் அரபிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. மாணவர் மனனம் செய்கின்றனர். தேர்விலும் பிழையின்றி எழுதுகின்றனர். ஆயினும், கட்டுத்தறியில் நின்றபடி புண்ணாக்கும் கலப்புத் தீவனமும் உண்ணும் சீமைக் கலப்பினப் பசுவையே பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸாயிமா என்பது அரபு நாட்டுப் பழஞ்செய்தியாகவே தோன்றும். 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 95 லட்சம் மாடுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி கலப்பினமே. தேனி மாவட்டத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குரிய பொருளை மாணவர் கண்ணாலேயே காணலாம். அங்கே மலையடிவாரத்தில் மாலை வேளையில் நூறு, இருநூறு எனத் திரளாக இறங்கி வரும் மலைமாடுகள் கிதாபில் உள்ள ஸாயிமாவின் இலக்கணத்துக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்துவன.

கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பை முதலில் நினைவிற் கொள்வது நன்று. மேற்கே கேரளத்தின் இடுக்கி மலைகள். கிழக்கிலும் தெற்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என நீளும் பசுமை. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பட்டபின் மேற்கு நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் திரும்பிற்று. பள்ளத்தாக்கு இருபோக நெல் விளையும் நிலமாயிற்று. தேனி தனி மாவட்டமானது 1996இல். அதற்கு முன் இது மதுரையின் பகுதி. ராவுத்தர் ஜமாஅத்துகள் நெடுங்காலமாக வேரூன்றிய ஊர்கள் இவை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியைத் தமிழ் முஸ்லிம்களில் அறியாதார் சிலரே.

வயலில் நெல்லும் மலையில் புல்லும் அருகருகே இருந்த இந்நிலத்தில் உருவானதே மலைமாடு. நடுத்தரமான, கட்டுக்கோப்பான உடல், ஏறி இறங்கப் பழகிய கால்கள், கல்லில் தேயாத குளம்பு, கூர்ந்த கொம்பு. செவலை, மயிலை, காரி, புள்ளி எனப் பல நிறங்கள் ஒரே மந்தையில் கலந்திருக்கும். இதன் நெருங்கிய உறவு சமவெளியின் புலிக்குளம் மாடு. சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அந்த இனத்தைக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தன் இனப் பதிவேட்டில் சேர்த்துள்ளது. ஜல்லிக்கட்டுக் காளை என்றவுடன் நாட்டினர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அதுவே. மலைமாட்டுக் காளைகளும் வாடிவாசலுக்குப் போவதுண்டு. ஆனால் மலைமாட்டுக்காரர் மாடு வளர்ப்பது அதற்காக அன்று.

பாலுக்காகவும் அன்று, கன்று குடித்தது போக மிஞ்சும் பால் சிறிதே. அவர்தம் முதன்மை வருவாய் எருவாகும். மழை பெய்து புல் முளைக்கும் மாதங்களில் மந்தை மலையில் மேயும். இரவில் காட்டோரத் தொழுவில் அடையும். இரண்டாம் போக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் காலத்தில் அதே மந்தை கீழிறங்கி, வயலில் இரவு கிடை கிடக்கும். சாணமும் சிறுநீரும் மண்ணில் சேரும். நிலத்துக்காரர் இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ தருவார். ஒரு துண்டு நிலத்தில் சில இரவுகள். பின் அடுத்த துண்டு. மலையின் புல்லை வயலின் உரமாக மாற்றிக் கொண்டுவந்து கொட்டும் வேலையை வண்டியும் ஆளும் இன்றி மாடே செய்தது. இரசாயன உர மூட்டை வந்தபின் கிடையின் மதிப்புக் குறைந்தது. உழவு இயந்திரம் வந்தபின் காளைக்கன்றுக்கு ஏர்மாட்டுச் சந்தையில் இருந்த விலையும் போயிற்று. இதன் விளைவு என்ன என்பதைப் பின்னர் காண்போம்.

இப்பள்ளத்தாக்கில் மாட்டைப் பேணிய மரபைக் கூறும்போது கம்பத்துத் தம்பிரான் மாட்டுத் தொழுவைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. கன்னடம் பேசும் கப்பிலியர் சமூகத்தாரின் தெய்வ மந்தை அது. நந்தகோபாலன் கோயிலைச் சார்ந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய பெருந்தொகுதியில் இம்மந்தை பற்றிய விவரமான குறிப்பு உள்ளது. இந்த மாடுகளிடம் பால் கறப்பதில்லை, இனவிருத்தியன்றி வேறு வேலைக்கும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை, இறந்தால் புதைக்கின்றனர். மந்தைக்கு ஓர் அரசக் காளை உண்டு. அது மாண்டால், மந்தை முழுவதையும் கூட்டி, அவற்றின் முன் கரும்புக் கட்டு ஒன்றை வைத்து, எந்தக் காளை முதலில் கரும்பை எடுக்கிறதோ அதற்கே மாலை சூட்டிப் பட்டம் கட்டுவராம். மாட்டுப் பொங்கலன்று தொழுவுக்குத் திரளும் கூட்டத்தை இன்றும் காணலாம்.

நம் நம்பிக்கை வேறு. நம் உணவு வழக்கமும் வேறு. ஆயினும் ஓர் இனத்தின் குருதி கலப்படாமல் நிலைப்பதற்கு இத்தகைய தொழுக்கள் உதவியிருக்கின்றன என்பதை ஒப்புவதில் நமக்குத் தயக்கம் இல்லை. அறுக்கப்படாத மந்தையும் அறுக்கப்படும் மாடும் ஒரே மலையில்தான் மேய்ந்து வந்திருக்கின்றன. பக்கத்து வீட்டாரின் மனம் புண்படாமல் நம் வழக்கத்தை நடத்துவது இப்பள்ளத்தாக்கின் முஸ்லிம்களுக்குப் புதிதன்று.

இனி, பலரும் தயங்கித் தயங்கிப் பேசும் இறைச்சிக்கு வருவோம். மாட்டின் பால் மருந்து, அதன் இறைச்சி நோய் என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு ஹதீஸ் நூல்கள் சிலவற்றில் உள்ளது. மாட்டிறைச்சி உண்பதை எதிர்ப்போர் இதனை எடுத்துக்காட்டுவதும், நம்மவர் விடை தெரியாமல் விழிப்பதும் மேடைகளில் நாம் கண்ட காட்சிகளே. அவ்வறிவிப்பின் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது ஒருபுறம் இருக்க, நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியர் சார்பில் மாட்டைக் குர்பானி கொடுத்தார்கள் என்பது ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாகவே பதிவாகியுள்ளது. நோயைத் தருவதை அல்லாஹ்வின் தூதர் வணக்கமாக அளித்து மக்களுக்கும் உண்ணக் கொடுத்திருப்பார்களா?

இம்முரணுக்கு புகாராவைச் சேர்ந்த இமாம் ஹலீமீ (இறப்பு ஹிஜ்ரி 403) கூறிய விளக்கத்தை, ஹாஃபிழ் ஸகாவீ (இறப்பு ஹிஜ்ரி 902) தம் ‘அல்மகாஸிதுல் ஹஸனா’வில் எடுத்தாள்கிறார். ஹிஜாஸ் வறண்ட நிலம். அந்நிலத்தில் மாட்டிறைச்சியும் வறட்சி மிக்கது, பாலும் நெய்யுமோ ஈரத்தன்மை உடையவை. ஆகவே அக்கூற்று அந்நிலத்தைக் கருதியது என்பது அதன் சாரம். அந்நாளைய மருத்துவச் சொற்களில் அமைந்த விளக்கம்தான். ஆயினும் அதன் உள்ளே இருக்கும் நுட்பம் நம் கவனத்துக்கு உரியது. இறைச்சியின் தன்மையை இமாம் அவர்கள் விலங்கின் பெயரில் தேடவில்லை. அது மேய்ந்த நிலத்தில் தேடினார்கள்.

இன்றைய இறைச்சி அறிவியலும் அந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. பச்சைப் புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் மாட்டின் கொழுப்பில் படிந்து இளமஞ்சள் நிறம் தருகிறது. தானியம் தின்று கொழுத்த மாட்டின் கொழுப்பு வெளுத்திருக்கும். (எருமை கரோட்டினை முழுவதும் உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் கொழுப்பு எப்போதும் வெள்ளை. கறிக்கடையில் இரண்டையும் பிரித்தறிய இது உதவும்.) புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பில் ஒமேகா-3 அமிலங்களின் விகிதம் தானியம் தின்றதைவிடக் கூடுதல். நாள்தோறும் மலையேறி இறங்கும் மாட்டின் தசையில் மயோகுளோபின் மிகுதி. எனவே கறி அடர்சிவப்பு. தசைக்குள் கொழுப்பு ஊடுருவுவது மிகக் குறைவு. கொழுப்பு நீக்கிய மாட்டிறைச்சி 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதமும், உடல் எளிதில் ஏற்கும் இரும்பும், தாவர உணவில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தும் உண்டு. வறிய குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் இவற்றைத் தருவது மாட்டிறைச்சி என்பதை மருத்துவர்களும் மறுப்பதில்லை.

உலகச் சந்தை வேறோர் அளவுகோலை வைத்திருக்கிறது. ஜப்பானின் வாக்யூ மாட்டை நெடுங்காலம் தொழுவத்தில் தானியம் ஊட்டி வளர்த்து, தசைக்குள் பளிங்குக் கோடுகளைப் போலக் கொழுப்பு படர்ந்திருப்பதை மதிப்பிட்டுத் தரம் பிரிக்கின்றனர். அந்த அளவுகோலில் மலைமாடு கடைசி வரிசையிலும் இடம் பெறாது. மென்மையிலும் அது தோற்கும். திமிலுள்ள நம் நாட்டினங்களின் தசையில் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதத்தின் செயல் மிகுதி. அறுத்தபின் தசையிழைகளைத் தளர்த்தும் நொதிகளை அது தடுக்கிறது. மேலைநாடுகளில் இறைச்சியைக் குளிரறையில் ஒன்றிரண்டு வாரம் தொங்கவிட்டு அந்நொதிகளுக்கு நேரம் தருவர். நம் ஊரிலோ வைகறையில் அறுத்தது காலை எட்டு மணிக்குள் சட்டிக்குப் போய்விடும். வாங்கியவுடன் சமைப்பவருக்குக் கறி ஓரளவு இளகும். தசை விறைக்கத் தொடங்கியபின் நண்பகலில் அடுப்பேற்றுபவரே ‘கறி வேகவில்லை’ என்று கடைக்காரரைக் குறை கூறுவர். பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைக் கூடப் போடும் நம் பெண்களின் வழக்கம் கால்பாஸ்டாட்டினைப் பற்றிக் கேள்விப்படாமலே கண்ட மாற்று. சுவையைக் கேட்டால், நெஞ்செலும்பும் நல்லியும் நெடுநேரம் கொதித்து இறங்கும் ஆணத்தில் மலைமாட்டுக்கு நிகர் இல்லை என்பது நம் தாழ்மையான கருத்து.

ஹலால் என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் கத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம். யார் அறுத்தார், பிஸ்மி சொன்னாரா, நரம்புகள் அறுந்தனவா என்பவற்றை விசாரிக்கிறோம். இவை அவசியமே. ஆனால் விலங்கு உயிரோடிருக்கையில் எதைத் தின்றது என்பதையும் ஷரீஅத் கேட்கிறது. அசுத்தத்தைத் தின்று திரியும் கால்நடை ‘ஜல்லாலா’ எனப்படும். அதன் இறைச்சியையும் பாலையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிப்பது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. அத்தகைய விலங்கை அடைத்து வைத்துத் தூய தீனி கொடுத்து, நாற்றம் நீங்கியபின்பே அறுக்க வேண்டும். ஹனஃபி நூல்கள் கோழிக்கு மூன்று நாள், ஆட்டுக்கு நான்கு, மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பத்து என்று கூறுகின்றன. ஷாஃபிஈ நூல்களில் மாட்டுக்கு முப்பது நாள் வரை பேசப்படுகிறது. நாள்கணக்கு குறிப்புக்காகவே, நாற்றம் நீங்குவதே அளவு என்பது இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களின் முடிவு.

நகரத்துக் குப்பை மேட்டில் நெகிழிப் பையையும் அழுகியதையும் தின்று நிற்கும் மாட்டைப் பார்க்கும்போதெல்லாம் இச்சட்டம் நம் நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பித்துமாட்டு நோயும் இவ்வகையில் எண்ணத்தக்கது. புல் தின்னப் படைக்கப்பட்ட விலங்குக்கு இறந்த விலங்கின் எலும்பும் இறைச்சியும் அரைத்த தூளைத் தீவனமாக ஊட்டியதே அந்நோய் பரவக் காரணம் என்று கண்டு, 1988இல் அந்நாடு அத்தீவனத்தைத் தடை செய்தது. ஜல்லாலாவின் நேர் எதிர்முனையில் நிற்பது ஸாயிமா. ஒன்று எதைத் தின்றதென்று யாருக்கும் தெரியாது. மற்றொன்று எந்த மலையில் எந்தப் புல்லை மேய்ந்தது என்பதை மேய்ப்பவர் சொல்வார். மலைமாட்டின் இறைச்சிக்குத் தரம் என்று ஒன்று இருக்குமானால் அது அந்த மேய்ச்சலே. மேய்ச்சலை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரு சிறிய, பால் குறைந்த, கறி முற்றிய மாடு மட்டுமே.

அந்த மேய்ச்சல்தான் இன்று சுருங்கி வருகிறது. மேகமலையும் திருவில்லிபுத்தூர் மலைகளும் சேர்ந்த ஏறத்தாழ 1,016 சதுர கிலோமீட்டர் காடு 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வைகையின் ஊற்றுக்கண் அக்காட்டில்தான் இருக்கிறது. மந்தைகளால் கோமாரி போன்ற நோய் காட்டு மாட்டுக்குப் பரவக்கூடும், மிகை மேய்ச்சலால் மண் அரிக்கும் என்னும் வாதங்களை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 மார்ச்சில், மேகமலைப் பகுதி மேய்ச்சல் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பின்னர் அதே மாதத்தில் அத்தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று குறுக்கியது. தேனி மலைகளில் பெரும்பகுதி அக்குறுகிய எல்லைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் மரபுவழிப் பருவகால மேய்ச்சலை உரிமையாகவே ஏற்றுள்ளது. இரு சட்டங்களுக்கும் நடுவே மேய்ப்பவர் நிற்கிறார்.

நிலத்தை ஒதுக்கிக் காப்பது இஸ்லாமிய மரபுக்கு அந்நியமன்று. ‘ஹிமா’ என்பது அதன் பெயர். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் இடத்தைக் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை ஒதுக்கினார்கள். ஹிமாவுக்குப் பொறுப்பாளராகத் தம் பணியாளர் ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது உமர் (ரலி) கூறிய அறிவுரை புகாரியில் உள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவரை உள்ளே விடுமாறும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் போன்ற செல்வர்களின் மந்தைகளை விடவேண்டாம் என்றும் அவர்கள் பணித்தார்கள். காரணமும் கூறினார்கள்: செல்வரின் மந்தை அழிந்தால் அவர் தம் பேரீச்சந்தோட்டத்துக்கும் விளைநிலத்துக்கும் திரும்பிவிடுவார், ஏழையின் மந்தை அழிந்தால் அவர் தம் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பார், அப்போது பொற்காசு கொடுப்பதைவிட இப்போது நீரும் புல்லும் கொடுப்பது எளிது. காப்புக்காட்டின் வேலி யாரைத் தடுக்கிறது, யாரைத் தடுப்பதில்லை என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி நாம் அறிந்த அளவில் வேறில்லை. ஹிமாவைக் கலைக்கவும் இல்லை. எளியவருக்கு அதை மூடவும் இல்லை.

மேய்ச்சலுக்கு அடுத்தபடி மந்தையைத் தாங்குவது காளைக்கன்றின் விலை. மந்தையில் பசுக்கள் நிலைத்திருக்கும். இனவிருத்திக்குச் சில காளைகள் போதும். மற்ற ஆண்கன்றுகள் விற்கப்பட்டால்தான் மேய்ப்பவர் வீட்டில் அடுப்பெரியும். வாடிவாசலுக்கு ஏற்ற காளைக்கு நல்ல விலை உண்டு. 2014இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது அவ்விலை சரிந்தது. 2017இல் தமிழகம் இயற்றிய சட்டத் திருத்தத்தை 2023 மே மாதம் அரசமைப்பு அமர்வு செல்லும் என்றபின் நிலைபெற்றது. ஆனால் நூறு கன்றில் வாடிக்குப் போவன எத்தனை? எஞ்சியவை ஒரு காலத்தில் ஏருக்கும் வண்டிக்கும் போயின. இன்று இறுதியில் கறிக்கே போகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளச் சந்தைக்குச் செல்வனவும் பல. 2017 மே மாதம் ஒன்றிய அரசு, சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு வாரத்துக்குள் இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அவ்விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தால் மாட்டுக்கறி உண்பவர் கோழிக்கு மாறியிருப்பர். மலைமாட்டுக்காரரோ மந்தையையே விற்றிருப்பார். விலையற்ற கன்றை வளர்க்க யாருக்கும் வசதியில்லை.

மலைப்பாதையில் மாடு கொண்டுசெல்லப்படும் முறை குறித்தும் ஒரு சொல். நெருக்கி அடைத்த லாரியில் நீரின்றி அலைக்கழிந்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. அறுத்தபின் லாக்டிக் அமிலம் போதிய அளவு உண்டாகாமல், அமிலக் குறியீடு 5.5 அளவுக்கு இறங்க வேண்டியது 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, உலர்ந்து, விரைவில் கெடும். அறுக்கும்போதும் நயம் பேண வேண்டும், கத்தியைத் தீட்டி விலங்குக்கு ஆறுதல் தர வேண்டும் என்னும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிப்பை நாம் அறிவோம். அதை மீறுவதன் விலை மறுமையில் மட்டுமன்றிச் சட்டியிலும் தெரிகிறது.

குர்பானிக்கு மலைமாட்டைத் தேர்வோர் இரு சட்டங்களைச் சேர்த்து நோக்க வேண்டும். மாட்டுக்குக் குறைந்த வயது ஈராண்டு நிறைவு. அவ்வயதினதை அரபியில் ‘ஸனிய்’ என்பர். முன்பல்லைக் குறிக்கும் ‘ஸனிய்யா’விலிருந்து வந்த சொல். நம் சந்தைகளில் பல்லைப் பிடித்துப் பார்த்து ‘இரண்டு பல்’ என்று சொல்வதும் அதுவே. ஹுதைபிய்யாவில் நடந்தபடி ஒரு மாட்டில் எழுவர் பங்கு சேரலாம். வெளிப்படையான குருடு, நோய், நொண்டி, எலும்பில் மச்சையற்ற மெலிவு ஆகிய நான்கும் கூடாதவை. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டமோ, பத்து வயதைக் கடந்து வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாதது, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீரா நோயாலோ நிரந்தரமாக முடங்கியது என்ற சான்றிதழ் பெற்றதை மட்டுமே அறுக்க இசைகிறது. 1976ஆம் ஆண்டின் அரசாணை பசுவையும் கிடாரியையும் விலக்கிற்று. பால் தரும் விலங்கை அறுக்க வேண்டாம் என்று தம்மை விருந்துக்கு அழைத்த அன்ஸாரித் தோழரை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதால், பசுவை விடுவதில் நமக்கு இழப்பொன்றும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். சட்டம் இசையும் முடங்கிய மாட்டை ஷரீஅத் ஏற்காது. ஷரீஅத் ஏற்கும் இளங்காளையைச் சட்டம் இசையாது. இரண்டும் பொருந்துவது பத்து வயது கடந்தும் உடல் தளராத காளை ஒன்றே. கட்டுத்தறி மாட்டில் அத்தகையது அரிது. மலையில் மேய்ந்து வளர்ந்த காளை அவ்வயதிலும் தானே நடந்து, மேய்ந்து, சதைப்பற்றோடு நிற்கும். பற்கள் தேய்ந்திருக்கலாம், பெரும்பாலான பற்கள் எஞ்சியிருந்தால் போதும் என்பது துர்ருல் முக்தாரின் கூற்று. மேய்க்க முடிகிற மாடாக இருந்தால் போதும் என்போரும் உளர். பங்குக்காரர் எழுவரும் பெருநாளுக்கு ஓரிரு மாதம் முன்பே தொழுவுக்குச் சென்று, மாட்டைப் பார்த்து, விலை பேசி, முன்பணம் கொடுத்துவிடுவது நல்லது. தரகர் கை மாறாமல் பணம் மேய்ப்பவரிடமே சேரும். கடைசி வாரத்து லாரி அலைச்சலும் மாட்டுக்கு இராது.

பத்து வயதுக் காளையின் கறி முற்றியது. பிரியாணிக்கு ஆகாது, ஆணத்துக்கும் கொத்துக்கறிக்கும் ஆகும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் அடைப்பதே இன்றைய வழக்கம். நம் பாட்டிமார் அதை நீளவாட்டில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போட்டனர். கொழுப்பு மிகுந்த கறியில் உப்புக்கண்டம் விரைவில் சிக்கு நாற்றம் பிடிக்கும். மலைமாட்டின் கொழுப்பற்ற தொடைக்கறியோ மாதக்கணக்கில் கெடாது. குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைத்திருப்பதற்குத் தொடக்கத்தில் இருந்த தடை, அவ்வாண்டு மதீனாவுக்கு வந்த ஏழை நாட்டுப்புறத்தாருக்காக. பின்னர் சேமித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. பெருநாளை அடுத்த மூன்று நாள்களுக்கு ‘அய்யாமுத் தஷ்ரீக்’ என்று பெயர் வந்ததே, குர்பானி இறைச்சியைக் கீறி வெயிலில் உலர்த்திய வழக்கத்தால்தான் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.